வாயாடித் திருடனுக்குச் சின்னக் குமிழ்

மே 6

என் கடுகுக்கு,

உன் ஆந்தை எழுதுகிறேன். உயிரோடுதான் இருக்கிறேன். கோடை விடுமுறை விட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு மாற்றலாகி வந்த இந்தப் புது வீட்டைச் சுற்றி எனக்கு ஒருவரையும் தெரியாது. கல்லூரியில் இரண்டு வருடமாக ஸ்கேல் வைத்துக் கட்டடத்துக்குக் கோடு போட்டுப் போட்டு கை மரத்துப்போயிருந்தது. போன வாரம் சும்மா பேனாவை எடுத்தேன். யார் வந்து நின்றான் தெரியுமா? நம் வாயாடித் திருடன்! பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சில், நான் வரைய நீ எழுத, நாம் பெற்ற பிள்ளை. திருடப் போன வீட்டில் உட்கார்ந்து கதையளந்தே மாட்டிக்கொள்வானே, அவன்தான்.

இதோடு ஆறு படம் வைத்திருக்கிறேன். பழைய வழக்கப்படி பேச்சுக் குமிழெல்லாம் காலி. அவன் என்ன பேசுகிறான் என்று நீ எழுது. அம்மா உன்னை விசாரித்தாள்.

அன்புடன்,
ஆந்தை

மே 13

ஆந்தைக்கு,

நீ கல்லூரிக்குப் போனாய். எனக்கு இடம் கிடைக்கவில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருடத்தில் உன்னிடமிருந்து ஒரு வரி உண்டா? இப்போது திடீரென்று "என் கடுகு". அம்மா படித்துவிட்டு, "லீவு முடியட்டும், அப்புறம் அவ யாரோ நீ யாரோ" என்றாள். போன் செய்யாதே. போனில் நீ சிரித்தால் நானும் சிரித்துத் தொலைப்பேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். குமிழ் ஏன் இத்தனை சின்னதாக இருக்கிறது? நம் திருடன் வாயைத் திறந்தால் பக்கம் போதாது. "நீ எழுதறதுக்கு இடம் விட்டா நான் எங்கடி வரையறது" என்று தினமும் சண்டை போடுவாயே! இப்போது ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. இவற்றை நீ எனக்காக வரையவில்லை. யாருக்காக வரைந்தாய்?

கடுகு

மே 17

கடுகே,

இது கடிதமா, போலீஸ் விசாரணையா? குமிழ் சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான். இத்தனை நாளில் திருடனுக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கக் கூடாதா? நீயும் சுருக்கமாக எழுதக் கற்றுக்கொள்ளேன். வெயிலில் உனக்கு மூளை சூடாகிவிட்டது போல. சீக்கிரம் எழுதி அனுப்பு, விடுமுறை ஓடுகிறது.

ஆந்தை

மே 24

கல்லூரி மாணவி அவர்களுக்கு,

பட்டணத்துக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்கிறீர்கள்.

கடைப் பூதக்கண்ணாடியில் உன் படங்களைப் பார்த்தேன். "என்னம்மா, பேப்பருக்கு பவர் பாக்குறியா?" என்றார் முதலாளி. குமிழுக்குள் பென்சிலால் எழுதி அழித்த தடம் இருக்கிறது. எழுத்து புரியவில்லை. எதிலும் இரண்டு வார்த்தைக்கு மேல் இல்லை. ஹாஸ்டலில் ஒருத்தி கிடைத்திருக்கிறாள். அவள் எழுதியது சரிப்படவில்லை. உடனே என் ஞாபகம் வந்துவிட்டது. இன்னொருத்தி போட்டுப் பார்த்துக் கழற்றிய சட்டை எனக்கு வேண்டாம்டி. ஆறு படங்களையும் திருப்பி அனுப்புகிறேன். அவள் யார் என்று மட்டும் சொல்லிவிடு.

கடுகு

ஜூன் 8

கடுகு,

அவள் நான்தான்.

ஹாஸ்டலில் உனக்கு எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். அங்கே நன்றாக இருக்கிறது என்று எழுதினால் பீற்றிக்கொள்வது போல இருந்தது. கஷ்டமாக இருக்கிறது என்று எழுதினால், உனக்குக் கிடைக்காததைக் கையில் வைத்துக்கொண்டு அலுத்துக்கொள்வது போல இருந்தது. கிழித்துக் கிழித்துப் போட்டேன். நாளாக ஆக, எந்த முகத்தோடு எழுதுவது என்று பயம். நீ இனி எனக்கு எழுத மாட்டாய் என்று நானே முடிவுகட்டி, திருடனை நானே பேசவைக்கப் பார்த்தேன். "சத்தம் போடாதே." "சாவி எங்கே?" அதற்கு மேல் அந்தப் பாவி வாயையே திறக்கவில்லை. இதை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுத்தான் மழுப்பினேன்.

அடுத்த வாரம் கல்லூரி திறக்கிறார்கள். ஹாஸ்டல் முகவரி பின்னால் இருக்கிறது. ஒரே ஒரு படம் வரைந்திருக்கிறேன், உனக்கென்றே. நீ எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, நீ இல்லாமல் எனக்கு நன்றாக இல்லைடி.

ஆந்தை

ஜூன் 19

ஆந்தை,

படம் வந்தது. தாள் முழுக்க ஒரே குமிழ். திருடன் மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறான். "ஐஸ் வைக்கிறா, உருகிடாதே" என்றாள் அம்மா. நானும் உருகக் கூடாது என்றுதான் தள்ளித் தள்ளிப் போட்டேன்.

கடையில் ஆளில்லாத ஒரு மத்தியானம் பேனாவை எடுத்தேன். வீட்டுக்காரியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்த திருடன், அவள் மாமியாரைப் பற்றிச் சொன்ன குறையைக் கேட்டு, அவள் சார்பில் மாமியாரோடு சண்டைக்கே போய்விட்டான். குமிழ் நிரம்பி, தாளின் பின்பக்கமும் நிரம்பிவிட்டது. முதலாளி வந்ததுகூடத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்ததும் அழுகை வந்தது.

உன்னை இன்னும் முழுசாக நம்பவில்லை. அதனால் கதையை முடிக்கவில்லை. திருடன் பேசிக்கொண்டே இருக்கிறான், போலீஸ் கதவைத் தட்டுகிறது. இந்தத் தாள் ஹாஸ்டலுக்குத்தான் வருகிறது. கதவைத் திறந்தது யார் என்று நீ வரைந்தால்தான் எனக்கே தெரியும்.

உன்,
கடுகு