ஜூலி வயிற்றில் குட்டி இல்லை

சிரில்,

ஜூலியைக் கங்கனாடி டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். நேற்று ஸ்கேன் பார்த்தவர், "குட்டி இல்லம்மா, கர்ப்பப்பை பூரா சீழ். வயசான நாய் பருவம் முடிஞ்ச மறுமாசம் சாப்பிடாம தண்ணியாக் குடிச்சாலே சந்தேகப்படணும்" என்றார். இன்றே ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுக்காவிட்டால் பிழைக்கமாட்டாளாம். இரவு சொல்ல வந்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டீர்கள்.

ஜூலி வயிறு பெருத்ததற்கு எதிர்வீட்டு வலேரியனின் நாய் டைகர்தான் காரணம் என்று அவரோடு தெருவே கேட்கச் சண்டை போட்டீர்களே, அவர் காரில்தான் போகிறோம்.

நீர்தோசையும் அயிலைக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன்.

லவீனா

பி.கு.: டைகருக்கு எப்போதோ கருத்தடை ஆகிவிட்டதாம், வலேரியன் இப்போதுதான் சொல்கிறார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன். "உன் புருஷன் அவ்வளவு ஜோராத் திட்டும்போது நடுவுல எப்படிம்மா பேசுறது?" என்கிறார்.

இன்னொன்று: நீங்கள் பிடித்தால்தான் ஜூலி ஊசி போட விடுவாள். உடனே வாருங்கள். நம் மிச்சச் சண்டையைத் திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம்.