சிவப்புப் படிகம்

மார்ச் 4
படிகம் வந்துவிட்டது. மைக்ரோஸ்கோப்பில் சிவப்பாக, சர்க்கரைத் துகளைவிடச் சின்னதாக. சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பாக்டீரியா இரும்பைச் சேர்த்துவைக்கும் புரதப் பந்து இது, உள்ளே வெற்றிடம். அதற்குள் நான் நிற்பதுபோலவும், சுவரின் துளைகள் வழியே இரும்பு ஒவ்வொன்றாக மிதந்து வருவதுபோலவும் ஒரு நினைப்பு. பைத்தியம்தான் எனக்கு.

மார்ச் 5
இதுவரை தெரிந்தது மூன்று வகை. இருபத்துநான்கு துண்டு சேர்ந்த ஃபெரிட்டின். அதே அமைப்பில், இரண்டிரண்டு துண்டுக்கு நடுவே ஹீம் என்ற இரும்புச் சாயம் உட்கார்ந்து சிவப்பாக்கும் பாக்டீரியோஃபெரிட்டின். பன்னிரண்டே துண்டில், டிஎன்ஏவுக்குக் காவலாக ஒரு குட்டிப் பந்து. நாங்கள் ஆராயும் மரபணு குட்டிப் பந்துடையது. அதில் ஹீம் கிடையாதே, எப்படிச் சிவந்தது? நான்காவது வகை என்கிறார் எங்கள் ஆய்வகத்தை நடத்தும் மேடம். அடுத்த மாத மாநாட்டில் அறிவிக்கிறாராம். அது நிஜமானால் என் வேலை மூன்று வருடம் நீளும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். அக்காவிடம் சொன்னேன். தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

மார்ச் 17
எக்ஸ்ரே படம் வந்தது. துண்டுகளை எண்ணினேன். பன்னிரண்டு இல்லை, இருபத்துநான்கு. திரும்ப எண்ணினேன்.

மார்ச் 18
ஐயோ, இது எங்க புரதமே இல்லை. எங்கள் மரபணுவைச் சுமந்து புரதம் செய்துதர ஒரு சாதாரண பாக்டீரியாவை வளர்க்கிறோமே, அதனோட சொந்த பாக்டீரியோஃபெரிட்டின். சுத்தம் செய்யும்போது துளியூண்டு தங்கி, முந்திக்கொண்டு படிகமாகிவிட்டது. வாடகைத்தாயோட சொந்தப் பிள்ளையை என் பிள்ளைன்னு இத்தனை நாள் கொஞ்சியிருக்கேன். வாயை மூடிக்கிட்டா மூணு வருஷம் வேலை. யாருக்குத் தெரியப்போகுது? எனக்குத் தெரியுமே.

மார்ச் 19
சொல்லிவிட்டேன். மேடம் திரையில் தானும் ஒருமுறை துண்டுகளை எண்ணிப் பார்த்தார். "உன் வேலை போகும்னு தெரிஞ்சுதானே சொல்றே?" என்றார். தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது, வெட்கக்கேடு.

மார்ச் 31
மேசையைக் காலி செய்தேன். கண்ணை மூடினால் இன்னும் அந்தப் பந்துக்குள்தான் இருக்கிறேன். யாருடையதாக இருந்தால் என்ன, அழகுதான்.

ஏப்ரல் 9
அக்கா வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது மேடம் கூப்பிட்டார். மாநாட்டில் நாங்கள் ஏமாந்த கதையையே பேசினாராம். அரங்கமே சிரித்ததாம். பிறகு தேநீர் இடைவேளையில் மூன்று பேர் தனித்தனியாக வந்து, தங்கள் ஃப்ரிட்ஜிலும் சிவப்புப் படிகம் இருப்பதாகக் காதோடு சொன்னார்களாம்.

"தப்பைக் கண்டுபிடிச்சது நான் இல்லன்னு சொல்லி உன் நம்பரைக் கொடுத்திருக்கேன். எடுத்துப் பேசு."

போனை வைத்தபோது, தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்து நின்றிருந்தது.