ஒரே நிறத்தில் இரண்டு கிளாஸ்

வியாழன், இரவு.

வீட்டுக்காரர் குடியை விட்டதிலிருந்து, சாயங்காலம் அவர் கைக்கு ஒரு கிளாஸ் இருக்கட்டும் என்று தினமும் எதையாவது கலந்து தருகிறேன். இன்று பால் விடாத டீயை ஆறவைத்து, பன்னீர் திராட்சைச் சாறும் இஞ்சியும் சோடாவும் சேர்த்தேன். அய்யலூர் சந்தைக்கு வந்த கொழுந்தனுக்கும் ஒரு கிளாஸ் கொடுத்துவிட்டு தோசை ஊற்றப் போனேன்.

திரும்பி வந்தால் அவன் பக்கத்தில் பிராந்தி பாட்டில். "மதினி, உங்க டீ இதுக்கு அம்புட்டு தோதா இருக்கு" என்றான். இரண்டு கிளாஸும் ஒரே நிறம். இவர் கையிலிருந்ததை வாங்கி ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். வெறும் டீதான். கொழுந்தன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை.

அவன் போனபின், "என்னைய நம்பலேல்ல?" என்றார்.

"பயமா இருந்துச்சு."

"எனக்குந்தான். அவன் ஊத்த வந்தப்ப கிளாஸக் கையால பொத்திக்கிட்டேன். நீ செத்த வெளிய வரமாட்டியான்னு இருந்துச்சு."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அடுத்த சந்தைக்கும் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான். தம்பி முறை, இவர் வேண்டாமென்று சொல்லமாட்டார். நான்தான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வதென்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை. கண் சொருகுகிறது.