கதவுக்கு வெளியே கேட்கும் அளவு

மார்ச் 4, செவ்வாய்

காலை ஒன்பதுக்குக் கதவைச் சாத்திக்கொண்டேன். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை, கழுத்தில் ஹெட்போன். எல்லாம் வழக்கம்போல. வேலை மட்டும் இல்லை. வேலை போய் இன்றோடு இருபத்திரண்டு நாள்.

மென்பொருள் கம்பெனி, நாலு வருஷமாக வீட்டிலிருந்தே வேலை. பதினோரு பேரை ஒரே வீடியோ அழைப்பில் வேலையை விட்டு அனுப்பினார்கள். மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து, மறுநாளே கூரியரை அனுப்பி ஆபீஸ் லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். அப்போது என் மனைவி நூலகத்துக்குப் போயிருந்தாள். நல்லவேளை என்று நினைத்தேன்.

ஏன் அவளிடம் சொல்லவில்லை? எனக்கே ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். கண்காணிப்பாளர் பதவிக்கான தேர்வு ஏப்ரல் 27. வயது வரம்புப்படி இது அவளுக்குக் கடைசி வாய்ப்பு. நான் சம்பாதிக்கிறேன் என்ற தைரியத்தில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு படிக்கிறாள். விஷயம் தெரிந்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மறுநாள் டியூட்டிக்குக் கிளம்பிவிடுவாள். அவளை எனக்குத் தெரியாதா?

அதனால் ஏப்ரல் 27 வரை இந்த அறையில் வேலை நடந்தாக வேண்டும். அறை என்றால் துவைக்கும் மெஷின், ஒரு மேஜை, ஒரு பிளைவுட் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் ஆறடியில் சாப்பாட்டு மேஜை. அவள் உட்கார்ந்து படிப்பது அங்கேதான். என் கீபோர்டோ ஒவ்வொரு எழுத்துக்கும் 'டிக்' என்று சொடுக்குப் போடுகிற நீல சுவிட்ச் வகை. சத்தம் கேட்கிறவரைக்கும் எனக்கு வேலை இருக்கிறது.

இருபது நாளாக கைக்கு வந்த குப்பையெல்லாம் அடித்தேன். அலுத்துவிட்டது. இன்றிலிருந்து இதை அடிக்கிறேன். எழுத்தாளனாகும் ஆசையெல்லாம் இல்லை. சத்தம் வேண்டும், அவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

மதியம் சாப்பிடும்போது ஆரம்பித்தாள். "என்னங்க, அந்தக் கீபோர்டு சத்தம் மண்டைக்குள்ளயே அடிக்குது. சத்தமில்லாம ஒண்ணு போட முடியாதா?"

"நாலு வருஷமா கேக்காத சத்தமா இப்ப கேக்குது?" என்று எரிந்து விழுந்தேன்.

"நாலு வருஷமா நான் பகல்ல வீட்டுலயா இருந்தேன்?"

நியாயமான கேள்வி. கை கழுவ எழுந்தேன்.

மார்ச் 10, திங்கள்

மேட்ரன் களத்தில் இறங்கிவிட்டாள். (அவள் எதையாவது பிடித்தால் விடமாட்டாள். அப்போதெல்லாம் மனசுக்குள் மேட்ரன் என்று கூப்பிடுவேன். நேரில் கூப்பிட்டால் உதை விழும்.) கீபோர்டையே மாற்ற வேண்டாம், உள்ளே இருக்கும் சுவிட்சை மட்டும் பிடுங்கி வேறு செருகலாம் என்று எங்கோ படித்திருக்கிறாள். ஒன்பது மாதிரி சுவிட்ச் பதித்த சின்னப் பலகை ஒன்றை வரவழைத்து, காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒவ்வொண்ணா அமுக்கிப் பாருங்க. எது சரின்னு சொல்லுங்க."

நீலம் சொடுக்குகிறது. பழுப்பில் சொடுக்கு இல்லை, பாதி வழியில் விரலுக்கு ஒரு சின்னத் தடுக்கல் தெரியும். சிவப்பு தடங்கலே இல்லாமல் இறங்கும். கடைசி வரிசையில் இரண்டு, உள்ளே ரப்பர் வைத்தவை. அமுக்கினால் பஞ்சில் அமுக்கியது மாதிரி. ஒரு சத்தமும் இல்லை.

அவள் விரல் நேரே அந்தக் கடைசி இரண்டுக்குத்தான் போனது.

"இதுவா? இது வழவழன்னு இருக்கு. தப்புத் தப்பா விழும்" என்றேன். பலகை எந்த இணைப்பும் இல்லாமல் மேஜையில் கிடக்கிறது, அதில் எழுத்து எங்கே விழும்? அவள் என்னைப் பார்த்தாள். நான் காபியைப் பார்த்தேன்.

மார்ச் 13, வியாழன்

அவள் நூலகத்துக்குப் போன இரண்டு மணி நேரத்தில் ஒரு சோதனை. போனில் பதிவை ஓடவிட்டு அவள் நாற்காலியில் வைத்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்தி, பலகையை மேஜைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சையும் ஐம்பது தடவை அடித்தேன். வெளியே போய்க் கேட்டேன்.

நீலம் பளிச்சென்று கேட்கிறது. சிவப்பு லேசாக. பழுப்பு, மெதுவாக அடித்தால் கேட்கவில்லை, அடிவரை ஓங்கி அடித்தால் கேட்கிறது. ரப்பர் வைத்ததில் துவைக்கும் மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீர்தான் கேட்டது.

நாற்பத்து மூன்று வயதில் மனைவியின் நாற்காலியில் போனை ஒளித்துவைத்து ஒட்டுக்கேட்கிறேன், அதுவும் என்னையே. த்தூ!

மார்ச் 14, வெள்ளி

பழுப்புதான் என்று சொல்லிவிட்டேன். "உனக்கும் தொந்தரவில்ல, எனக்கும் விரலுக்குப் பிடிபடும்." நன்றாகப் பூசி மெழுகினேன்.

"உங்க இஷ்டம்" என்றாள். அந்த 'இஷ்டம்' எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 19, புதன்

எண்பத்தேழு சுவிட்சையும் பிடுங்கி எண்பத்தேழையும் செருகினேன். முழுசாக ஒரு நாள் வேலை. ஐந்து வாரத்தில் நான் செய்த உண்மையான வேலை இது ஒன்றுதான்.

மார்ச் 26, புதன்

ஓங்கி அடிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு எழுத்தையும் அடிமட்டம்வரை. சாயங்காலம் ஆனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்க மறுக்கின்றன. சாப்பிடும்போது கையை மேஜைக்குக் கீழே வைத்துத் தேய்த்துக்கொள்கிறேன்.

நடுவில் 'மீட்டிங்' வேறு. யாரும் இல்லாத ஹெட்போனில், "ம்ம்... ம்ம்... சரி, நாளைக்குள்ள முடிச்சிடலாம்" என்று பத்து நிமிஷம். ஒரு தடவை எனக்கே கோபம் வந்து, "அதெல்லாம் முடியாதுங்க, ஆள் பத்தாது!" என்று கத்திவிட்டேன். யாரிடம்?

மார்ச் 28, வெள்ளி

இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். ஒன்றில் உடனே பதில் வந்தது, வேண்டாம் என்று.

ஏப்ரல் 2, புதன்

மறுபடியும் அதே பேச்சு. "பழுப்பும் சரிப்படல. அந்த ரப்பர் வெச்சதையே போட்டுடலாம்."

"உனக்கு என்னதான் பிரச்சன? மனுஷன் வேல செய்ய வேணாமா? வேல செஞ்சா சத்தம் வரத்தான் செய்யும்!" நன்றாகக் கத்திவிட்டேன். வேலை என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் நாக்கு கூசியது.

அவள் திருப்பிக் கத்தவில்லை. "ஆர்டர் போட்டாச்சு. சனிக்கிழம தம்பி வந்து மாத்திக் குடுப்பான்" என்று மட்டும் சொன்னாள். இருபத்தைந்தே நாள் பாக்கி. இதற்குள் குட்டு உடைந்தால் அவள் தேர்வும் போச்சு, நானும் போச்சு.

ஏப்ரல் 5, சனி

மச்சினன் வந்தான். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அவன் கைக்கு எண்பத்தேழு சுவிட்ச் ஒரு விஷயமே இல்லை. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே பிடுங்கினான். நான் பக்கத்தில் காவல் நின்றேன்.

எல்லாம் செருகியபின் மேஜையைச் சுற்றிப் பார்த்தான். "ஆமா மாமா, ஆபீஸ் லேப்டாப் எங்க? இது உங்க சொந்தப் பழசு ஆச்சே? இதுலயா வேல பாக்கறீங்க?"

கழற்றிய சுவிட்சுகளை டப்பாவில் பொறுக்கிப் போட ஆரம்பித்தேன்.

"சர்வீசுக்குப் போயிருக்குடா" என்றது வாசற்படியிலிருந்து ஒரு குரல். அவள்தான். கையில் மடித்த துணியோடு நின்றாள். "ஒரு மாசமாகும்னு சொன்னாங்களாம். நீ வா, சாப்பிடலாம்."

அவன் போய்விட்டான். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று நான் எப்போது அவளிடம் சொன்னேன்? சொல்லியிருப்பேன். இத்தனை பொய்யில் எதைச் சொன்னேன், எதைச் சொல்லவில்லை என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? சொல்லியிருப்பேன்தான்.

ஏப்ரல் 7, திங்கள்

சத்தமே இல்லை. ஓங்கி அடித்தாலும் பஞ்சுமூட்டையைக் குத்துவது மாதிரி. எட்டு மணி நேரம் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த நிமிஷமும் திறந்து, "என்னங்க, சத்தத்தையே காணோம்?" என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

கேட்கவில்லை. சத்தம் கேட்காதபடி மாற்றியதும் அவள்தானே! மண்டை குழம்புகிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று கவனித்தேன். காபி கொண்டுவந்தால் கதவைத் தட்டுகிறாள். தட்டிவிட்டு நின்று, கொஞ்சம் பொறுத்துத்தான் திறக்கிறாள். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் யார் எந்தக் கதவைத் தட்டினோம்?

படிப்பு டென்ஷனாக இருக்கும்.

ஏப்ரல் 16, புதன்

விரல் வீக்கம் வடிந்துவிட்டது. மதியம் மேஜைமேல் தலையை வைத்துத் தூங்கியும்விட்டேன். சத்தத்துக்காகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். இப்போது சத்தம் இல்லை. பின் எதற்கு எழுதுகிறேன்?

ஏப்ரல் 24, வியாழன்

மூன்றே நாள். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் ஊட்டாத குறை.

ஏப்ரல் 27, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றி வைத்துக்கொள்வேன்.

தேர்வு முடிந்து கூட்டத்தோடு வெளியே வந்தாள். நன்றாக எழுதியிருக்கிறாளாம். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். பாதி வழியில், காலணிக் கடை நிழலில் நின்றாள்.

"பரீட்சை முடிஞ்சுதுங்க. நாளையிலேருந்து அந்த ரூமுக்குள்ள போய் உக்கார வேணாம்."

"என்ன சொல்ற?"

"தெரியும். மொத வாரமே தெரியும்."

எப்படி என்று கேட்டேனா, வாயசைத்தேனா, நினைவில்லை. அவளே சொன்னாள். "நீங்க வேல பாத்து நான் கேட்டதில்லையா? லீவு நாள்ல எத்தன தடவ கேட்டிருக்கேன்! நாலு வரி அடிப்பீங்க, பத்து நிமிஷம் பேச்சு மூச்சு இருக்காது, யோசிப்பீங்க. அப்புறம் அடிச்சத அழிப்பீங்க. இப்ப என்னடான்னா காலையிலேருந்து சாயங்காலம்வரைக்கும் நிக்கவே இல்ல. எங்க வார்டுல தூங்கற மாதிரி நடிக்கிறவங்களுக்குத்தான் மூச்சு அவ்வளவு ஒழுங்கா வரும்."

எனக்கு முதலில் வந்தது கோபம். வெட்கத்தோடு எழுதிவைக்கிறேன், கோபம்தான் வந்தது. "அப்போ ரெண்டு மாசமா என்ன வெச்சு வேடிக்க பாத்தியா? தெரிஞ்சும் சத்தம் தொந்தரவுன்னு எதுக்கு உயிர வாங்கின?"

"வேடிக்கையா?" நடுத்தெருவில் அவளும் குரலை உயர்த்தினாள். "சத்தம் எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. வெண்டிலேட்டர் சத்தத்துல உக்காந்து நோட்ஸ் எழுதறவ நான். சத்தம் வரலேன்னா நீங்க அடிக்க வேணாமேன்னுதான் கேட்டேன். சும்மா உக்காந்திருப்பீங்களேன்னு. நீங்க பழுப்பத் தேடிப் புடிச்சு இன்னும் ஓங்கி அடிச்சீங்க! சாப்பாட்டு மேஜைக்குக் கீழ விரலத் தேய்ச்சது எனக்குத் தெரியாதா? வீங்கின கைய வெச்சுக்கிட்டு நீங்க கதவுக்கு அந்தப் பக்கம் அடிப்பீங்களாம், இந்தப் பக்கம் நான் பாடம் படிப்பேனாம்!"

என் விரல்களை நானே பார்த்துக்கொண்டேன்.

"சொல்லியிருக்கலாமே நீ" என்றேன்.

"சொன்னா நான் படிப்ப நிறுத்தணும். நிறுத்தினா நீங்க பட்டதெல்லாம் வீணாப் போயிடும். அதான் படிச்சேன். எத்தன நாள் ஒரே பக்கத்த வெறிச்சுப் பாத்திருக்கேன் தெரியுமா?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி விடுங்க. இப்ப நான் கேக்கறது ஒண்ணுதான். ஒரே ஒரு தடவ நீங்களா வாயத் தெறந்து சொல்லுங்க. என்ன ஆச்சுன்னு."

பேருந்து வந்துவிட்டது. நான் சொல்லவில்லை. வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். அவளுக்குத் தெரிந்ததைத்தானே சொல்ல வேண்டும், அதில் என்னடா கஷ்டம் உனக்கு?

மே 5, திங்கள்

அவள் டியூட்டிக்குத் திரும்பிவிட்டாள். நான் இன்னும் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், இன்னும் வீட்லேருந்துதான் வேலையா?" என்றார். "ஆமா, வீட்லேருந்துதான்" என்றேன். பக்கத்தில் நின்ற அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 22, வியாழன்

ஒரு நேர்முகம். சரியாகப் போகவில்லை. அவளிடம் சொல்ல வேண்டும் என்று வீடுவரை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். "வெயில் ஜாஸ்தி" என்று சொன்னேன்.

ஜூன் 16, திங்கள்

தேறிவிட்டாள். போன வாரமே தெரியும், இன்றுதான் நியமனக் கடிதம் வந்தது. கூடவே ஏழு பக்கப் படிவம்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடகடவென்று நிரப்பினாள். ரத்த வகை, முகவரி, முந்தைய பணி, எல்லாம். நான் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தேன். ஐந்தாம் பக்கத்தில் 'கணவர் பெயர்' எழுதியிருந்தாள். அதற்கு அடுத்த கட்டம், 'கணவரின் பணி', காலி.

"இத விட்டுட்டியே" என்றேன்.

"விடல" என்றாள். பேனாவை என் பக்கம் உருட்டினாள்.

'மென்பொருள்' என்று எழுதினால் கட்டம் அழகாக நிறைந்துவிடும். யாரும் வந்து கேட்கப்போவதில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை.

எழுதினேன்: வேலை இல்லை. பிப்ரவரி 10 முதல்.

தேதியை அவர்கள் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதினேன்.

படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். "பத்தாம் தேதியா? நான் பன்னண்டுன்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். அந்தப் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போட்டாள். பிறகு மற்ற பக்கங்களையெல்லாம் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு கையையும் மேஜைமேல் கோத்து வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.