நூற்று இருபது மில்லிமீட்டர்

மார்ச் 8, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். சைக்கிள் சக்கரத்தில் லேசான கோணல். நேராக்கத் தேக்கா கடைத்தெருப் பக்கம் கொண்டு போனேன். வாங்கி நாலு நாள்தான் ஆகிறது. செகண்ட் ஹேண்ட், கார்பன் ஃபிரேம். கடை வாசலில் ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்த தம்பிகள் இருவர், ஞாயிறு லீவு. ஒருவர் ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்கா அக்கா?"

"கார்பன்ப்பா."

"பிளாஸ்டிக்தான்டா," என்றார் மற்றவரிடம்.

வீட்டில் என் கணவர் செல்வமும் அதே கட்சி. அவர் வண்டியில் சஸ்பென்ஷன் 170 மில்லிமீட்டர் அமுங்கும். என்னுடையது 120. "இது காட்டுப் பாதையில மிதிக்கிற வண்டி மீனா. பைக் பார்க் மண்மேட்டுல குதிச்சா ரெண்டா போயிடும் லா. வித்துடு."

பார்க்குக்கென்று இன்னொன்று வாங்கலாமென்றால், இந்த வீட்டில் மூன்றாவது சைக்கிளுக்கு இடமில்லை. இதை விற்றால் பழையபடிதான். அவர் குதிப்பதை மூன்று வருடமாய்ப் படம் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்கிறேன். மறுபடி அங்கே போய் நிற்க முடியாது.

மார்ச் 11, புதன்

மழை. மருந்தக வேலையில் ஒரே கூட்டம், நின்று நின்று கால் வலி.

வாங்க: புளி. உளுந்து. முன்பக்கத்துக்குத் தடித்த டயர். முட்டிக் கவசம். டிஷ்யூ.

ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சு முற்றிவிட்டது. சனிக்கிழமை பார்க்கில் அவர் குதிக்கும் அந்தப் பெரிய மேட்டைத் தாண்டிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டேன். வாய்க் கொழுப்பு.

மார்ச் 13, வெள்ளி

காத்தோங் கோயில். செல்வத்தின் ஏர்கான் ரிப்பேர் வேனில் வைத்துக் கொண்டுபோய் வண்டிக்குப் பூஜை. யோசனை அவருடையதுதான், உடையும் என்கிறவருக்குப் பக்தி மட்டும் குறைவில்லை. குருக்கள் கண்ட இடத்தில் எல்லாம் சந்தனம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில், அமுங்கும் குழாய் முழுக்க, மேலிருந்து கீழ்வரை.

"துடைச்சிடு, உள்ள ரப்பர் சீல் போயிடும்," என்றார் செ.

சாமி சந்தனத்தை நான் துடைக்க மாட்டேன். கோபமும்தான்.

மார்ச் 14, சனி

வெயில். மண் காய்ந்து நன்றாக இருந்தது. முதலில் சின்ன மேடுகள், ஆறு முறை. செ. வண்டியைச் சில முறை ஓட்டியிருக்கிறேன், அதில் கல் தெரியாது. இதில் ஒவ்வொரு கல்லும் பேசுகிறது. ஆனால் தரையை உந்தினால் உடனே எழும்புகிறது. அந்தப் பெரிய வண்டியில் இதே உந்தலில் பாதியை ஸ்பிரிங்கே தின்றுவிடும்.

பெரிய மேடு. மேசை மாதிரித் தட்டையான உச்சி. இந்த முனையில் எழும்பி அந்தப் பக்கச் சரிவில் இறங்கணும். இரண்டு முறை பிரேக் பிடித்தேன். பின்னால் ஒரு சீனப் பையன் பொறுமையாக, "ஆண்டி, யூ ஃபர்ஸ்ட்." ஆண்டியாம்.

போனேன்.

தாண்டிவிட்டேன். சரிவின் நடுவில் சக்கரம் இரண்டும் ஒன்றாக. சத்தமே இல்லை. சந்தோஷத்தில் அழுதேன், எழுதுவதற்கென்ன வெட்கம். மறுபடி போனேன். மொத்தம் ஒன்பது முறை.

பிறகு ஃபோர்க்கைப் பார்த்தோம். அமுங்கிய தூரம் வரை சந்தனம் கீழிருந்து துடைபட்டுப்போய், மேலே இரண்டு விரல் அகலம் மிச்சம். அதாவது முழுசாக அமுங்கவே இல்லை. செ. குனிந்து விரல் வைத்து அளந்தார்.

என் முடிவு: மேடுகளுக்குத் தாராளமாய் ஆகும். ஓரத்தில் மரப்பலகை மேடையிலிருந்து செங்குத்தாய்க் குதிக்கிறார்களே, அதற்கு ஆகாது, அங்கே செ.யின் 170தான். மணிக்கட்டு இப்போது வீங்கியிருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

மேகமூட்டம். விடிந்ததும் செ., "உன் வண்டியை நான் ஒருவாட்டி ஓட்டிப் பார்க்கவா?" எங்களுக்குள் உயரப் பொருத்தம் மட்டும் அச்சாக அமைந்தது, சீட்டை மாற்றக்கூட வேண்டாம். அவர் எடைக்கு ஃபோர்க்கில் காற்று ஏற்றிக் கொடுத்தேன்.

அதே பெரிய மேடு. வழக்கமான வேகம், வழக்கமான ஸ்டைல், தரையை உந்தவே இல்லை. சரிவை எட்டாமல் தட்டை உச்சியிலேயே டமாரென்று இறங்கி, வண்டி இடப்பக்கம், ஆள் வலப்பக்கம். ஓடினேன். இரண்டுக்கும் ஒன்றுமில்லை. அவர் முழங்கை மட்டும் சிராய்ப்பு. மறுபடி போனார். மறுபடி அதே உச்சி.

மூன்றாவது முறை போகவில்லை. வண்டியை உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இத்தனை நாளா என் வண்டிதான்டி தாண்டியிருக்கு. நான் சும்மா மேலே உட்கார்ந்திருக்கேன்."

"அதை விடுங்க. பார்க்குக்கு ஆகுமா ஆகாதா?"

"வண்டிக்கு ஆகும். எனக்குத்தான் ஆகல."

தேதி போட்டு எழுதி வைக்கிறேன். பின்னால் இல்லையென்பார்.