அண்ணனில் பாதி

என் கண்ணான கமலாவுக்கு,

நம் காஜா பேராங் ஊர் வீட்டில் நீ பாய் விரிக்கும் மூலையில் இப்போது உன் மருமகள், என் மகள், உட்கார்ந்து உயிரியல் படிக்கிறாள். அவள் "செல்" என்று சத்தமாக வாசிக்கும்போது என் கைவேலை தானாக நின்றுவிடுகிறது. உன் குரல் கேட்ட மாதிரி இருக்கிறது.

ஜப்பான்காரன் வந்து உன் பள்ளிக்கூடத்தை மூடினான். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்ட நீ மரவள்ளி நட்டாய். பிறகு உன் அண்ணனைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது நான் முழுகாமல் இருந்தேன். அவர் முகம்கூட மறந்துவிடுமோ என்று அழுதேன்.

"அழாதீங்க அண்ணி. உங்க வயித்துல இருக்கறது முதல்ல ஒரே ஒரு செல்லுதான். அது ரெண்டாவும், ரெண்டு நாலாவும். அந்த முதல் செல்லுல பாதி உங்களது, பாதி அண்ணனோடது. பிரியிற ஒவ்வொரு செல்லுலயும் ரெண்டு பேரும் இருப்பீங்க. அப்புறம் ஜப்பான்காரன் அண்ணனை முழுசாவா கொண்டு போனான்?"

நீ சொன்ன அதைக் கேட்ட பிறகுதான் அன்று சாப்பிட்டேன்.

வெறும் கிழங்கு தின்று என் கால்கள் வீங்கின. உயிர்ச்சத்துக் குறைவு, தவிட்டில் அந்தச் சத்து இருக்கிறது என்றாய். வெளியே போகாதே என்று எவ்வளவோ தடுத்தேன். புக்கிட் காதில் கிராமம் வரை நடந்து, ஒரு மலாய்க்காரர் வீட்டில் உன் பள்ளிச் சட்டையைக் கொடுத்துத் தவிடு வாங்கி வந்தாய். அந்தச் சட்டையை இனி எதற்குப் போடுவோம் என்று நினைத்தாயா, கமலா?

வீக்கம் வடிந்தது. பிள்ளை பிறந்தாள். அவள் தவழும் முன்பே உனக்கு மலேரியா. எங்கே தேடியும் கொயினா மருந்து கிடைக்கவில்லை.

"கிருமி ரத்தச் சிவப்பணுக்குள்ள புகுந்து பெருகுது அண்ணி. அந்தச் சிவப்பணு வெடிக்கறப்பதான் இப்படிக் குளுருது," என்று பல் கிட்டிக்கச் சொன்னாய். எல்லாம் தெரிந்த உனக்கு என்னால் போர்வை மட்டும்தானே போர்த்த முடிந்தது! அந்தக் குளிரிலேயே நீ போய்விட்டாய்.

போர் முடிந்து உன் அண்ணன் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி, "தங்கச்சி எங்க?" நான் பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன்.

போன வாரம் அவளுக்குத் தோடு போட்டுவிட்டேன். காதுமடலின் கீழ்நுனி கன்னத்தோடு ஒட்டியிருப்பதால் சரியாக உட்காரவில்லை. உன் காது அப்படியே! உன் அண்ணனுக்கும் அப்படி இல்லை, எனக்கும் இல்லையே என்று அவளிடம் சொன்னேன்.

"அப்பாகிட்ட மறைஞ்சிருந்திருக்கும்மா. ஆனா ஒரு பக்கத்துலேருந்து மட்டும் வந்தா வெளிய தெரியாது. உங்ககிட்டயும் இருந்திருக்கணும்."

வேறு வீட்டில் பிறந்து வந்தவள் நான். உன் காதை நானும் எனக்குள் வைத்திருந்திருக்கிறேனாம். அடுப்படிக்குப் போய் வெகுநேரம் அழுதேன்.

அவளும் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்கிறாள். படிக்க வைப்பேன், கமலா. என் தாலிக்கொடி போனாலும் சரி.

உன்னைத் தங்கையாகவே நினைத்த,
உன் அண்ணி