அவளின் பெயர் அமண்டா

என் செல்லத் தங்கச்சி வதனி,

உன் மகளுக்கு நேற்றுப் பெயர் வைத்தோம். அதை உனக்குச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கோபம் இன்னும் இறங்கவில்லை.

நீ பெற்ற மறுநாளே இரத்தப்போக்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து உன் மாமியார் குழந்தையைத் தூக்கவேயில்லை, தெரியுமா? பால் கரைப்பது, துணி மாற்றுவது எல்லாம் உன் புருஷன் ரமணன்தான். "தாயைத் திண்டிட்டுப் பிறந்தது" என்று மாமியார் அயலுக்குச் சொல்ல, அவர்கள் ஊர் இணுவிலில் அரைவாசிப் பேர் அதை என் காதில் போட்டுவிட்டார்கள்.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு, நேற்றுக் குழந்தைக்குப் பிறந்த தீட்டுத் துடக்கைக் கழித்துப் பெயர் வைக்கக் கூடினார்கள். நெருங்கிய சொந்தம் மட்டும்தான். நானும் என் மனைவி, உன் மச்சாளும் கரவெட்டியில் இருந்து விடியவே வெளிக்கிட்டுப் போனோம். குழந்தைக்குத் தோஷமாம், அது தணியச் சாந்தினி என்று வைக்கவேண்டுமாம். சாத்திரியார் சொன்னாராம். மாமியார் எல்லோருக்கும் அறிவித்தும் விட்டார். ரமணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வயிற்றில் பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, போனில் பெயர்களைத் தேடித் தேடி எனக்கு வாசித்தாயே. அமண்டாவில் நின்றுவிட்டாய். லத்தீன் சொல், 'அமாரே' என்றால் நேசிப்பது, அமண்டா என்றால் நேசிக்கப்பட வேண்டியவள் என்றாய். அந்த வீட்டில் இந்தப் பெயரா என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"அவைக்குப் பொடியன்தான் வேணும் அண்ணை. பெட்டை எண்டால் முகத்தைச் சுழிப்பினம். அதுதான் பேரிலையே சொல்லிவைக்கிறன்."

நேற்று மாமன் என்ற உரிமையில் குழந்தையைக் கையில் வாங்கினேன். காதில் சொல்லவேண்டியதை வீடு முழுக்கக் கேட்கச் சொன்னேன், அமண்டா என்று.

"உது வேதக்காரற்றை பேர் தம்பி. சைவக் குடும்பத்துக்குச் சரிவராது" என்றார் மாமியார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பெத்தவள் வைச்ச பேர் மாமி. நேசிக்கப்பட வேண்டியவள் எண்டு அர்த்தம். பச்சைப்பிள்ளையைத் தூக்காமல் விட்டிட்டு என்ன சைவம் கதைக்கிறியள்?"

ரமணன் சுவரை விட்டுத் திரும்பினான். பிறகு மெல்லச் சொன்னான். "ஓம் அம்மா. வதனி எனக்கும் சொன்னவள். அதுதான் பேர்."

அவனைக் கட்டிப்பிடிப்பதா, கன்னத்தில் ஒன்று விடுவதா? தெரிந்திருந்துமா இத்தனை நாளும் பேசாமல் இருந்தான்? இன்று காலை தானே போய் அந்தப் பெயரைப் பதிந்துவிட்டான். நல்ல காரியம்தான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. மாமியார் குழந்தையை இன்னும் 'அது' என்றுதான் சொல்கிறார்.

அந்த வீட்டில் உனக்கு என்னவெல்லாம் நடந்தது வதனி? அன்று சொன்னதற்கு மேல் என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நீ சொல்லியிருந்தால் நான் வந்திருக்கமாட்டேனா? உன் மேலும் எனக்குக் கோபம்தான்.

ஞாயிறுதோறும் வருவேன் என்று ரமணனிடம் சொல்லிவிட்டேன். தாயைத் தின்றவள் என்று இனி ஒரு வாய் சொன்னாலும், அன்றைக்கே பிள்ளையைக் கரவெட்டிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். நான் சும்மா சொல்லவில்லை. உன் மச்சாள் எங்கள் அறையில் பிள்ளை தூங்க இப்போதே சேலையில் ஏணை கட்டிவிட்டாள்.

உன் அண்ணை,
அமண்டாவின் தாய்மாமன்.